தறப்பாளும் முட்டையும்

அம்மா எங்கே புறப்பட்டாலும் ஒரு பையும் கூடவே புறப்படும். கறுப்பு றெக்சின் பை, வார் இரண்டு தடவை மாற்றியது. உள்ளே எங்கள் நான்கு பேரின் பிறப்புச் சான்றிதழ்கள், கொக்குவில் காணியின் உறுதி, அப்பாவின் மரணச் சான்றிதழ், பொலித்தீனில் சுற்றிய ஒரு சோடித் தோடு. கோயிலுக்கும் வரும், பல் வைத்தியரிடமும் வரும். ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் தெருவில் இரவு தீயணைப்பு வண்டி ஊதினால் அம்மாவின் கை முதலில் போவது அந்தப் பைக்குத்தான். 2022 மே மாதம் ஒரு சனிக்கிழமை அதைக் குளியலறைத் தராசில் வைத்தேன். 9 இறாத்தல்.

அன்று வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்துக்கொண்டிருந்தேன். முகாமிட்டுத் தங்குவதற்கென்று ஒரு பழைய ரெய்லர் வாங்கியிருந்தோம். எங்கள் காரின் கையேடு 1,500 இறாத்தலுக்கு மேல் இழுக்காதே என்கிறது. வண்டி வெறுமையாகவே ஆயிரத்துச் சொச்சம். காஸ் சிலிண்டர், பற்றரி, தண்ணீர் என்று கழித்துப் பார்த்தால், நான்கு நாள் வாழ்க்கைக்கு எங்களுக்கு மிஞ்சியது இருநூற்றைம்பது இறாத்தல். அரிசி, பருப்பு, சட்டி, போர்வை, மழைச்சட்டை, மடிக்கும் கதிரை மூன்று. அதையும் கண்டபடி அடுக்க முடியாது. மொத்தப் பாரத்தில் பத்திலிருந்து பதினைந்து வீதம் முன்கொக்கியில் அழுந்த வேண்டும். பின்பாரம் கூடினால் நெடுஞ்சாலையில் ரெய்லர் வாலாட்டத் தொடங்கி, காரையும் இழுத்துப்போட்டுவிடும். அம்மாவின் பை அவர் மடியில்தான் வரப்போகிறது, ரெய்லர்க் கணக்கில் சேராது. இருந்தாலும் கை தானாகவே அதையும் தூக்கித் தராசில் வைத்தது.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எண்பது வயது. "காசு குடுத்துக் கொட்டிலுக்க படுக்கப் போறியே பிள்ளை? நாங்கள் பட்டது காணாதே?" என்றார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல்தான் அந்தக் கோடை தொடங்கியது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போரால் வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு நடந்தது. மழை. எனக்கு இருபத்தேழு வயது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரு நிமிடத்துக்கு இரண்டு மூன்று அடி என்று நகர்ந்தோம். சைக்கிளின் ஒரு பக்கம் அரிசிச் சாக்கு, மறுபக்கம் இந்தப் பை, நடுவில் அப்பாவின் ஈளை இருமல். முதல் இரண்டு வாரம் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. பிறகு மீசாலையில் ஒரு தென்னங்காணிக்குள் நீலத் தறப்பாள். நாலு மூலையையும் தென்னையில் கட்டி, நடுவில் ஒரு கம்பை முட்டுக் கொடுத்து, பதினொரு பேர். மழை பெய்தால் தறப்பாளின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொந்தி விழும். யாராவது எழும்பி உள்ளிருந்து தும்புத்தடியால் அதை மேலே தள்ளிவிட வேண்டும். அந்த முறை வைத்த எழும்பலில் என் பங்கு இரவு இரண்டு மணி.

பக்கத்துத் தறப்பாளில் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். சனங்கள் அழுவதைப் பார்க்கமாட்டாமல் மாலையில் கூட்டிவைத்து நாலு நல்ல வார்த்தை சொல்வார். ஒருநாள், வீடு என்ற சொல்லே விடு என்பதிலிருந்து பிறந்தது, வீடுபேறு என்று முத்திக்குப் பெயர் வைத்தது அதனால்தான், வீட்டை விட்டவர்கள் ஒரு வகையில் வீட்டுக்குக் கிட்டப் போயிருக்கிறோம் என்று விளக்கினார். நான் தலையாட்டினேன். படித்த பெண் அல்லவா, சொல்லின் அழகு பிடித்துவிட்டது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"மாஸ்டர், நாங்கள் விட்டிட்டு வரேல்லை. விட வைச்சிட்டினம். அதுக்கு வேற சொல்லு இருந்தாச் சொல்லுங்கோ."

ஆசிரியர் மறுமொழி பேசவில்லை. அவருக்கும் வீடு போயிருந்தது. முப்பது வருடம் கழித்தும் என் மனதில் தர்க்கித்துக்கொண்டிருப்பது அந்த இருவரும்தான். ஆசிரியர் சொன்னது பிழையா? இழப்பு ஒருவரைத் துறவுக்குக் கிட்டக் கொண்டுபோகுமா?

நம் நூல்களைத் திருப்பினால் ஆசிரியர் பக்கம் சாட்சிகள் நிறைய இருப்பதுபோலத் தோன்றும். திருக்குறளில் 34ஆம் அதிகாரம் நிலையாமை, அதை அடுத்து 35 துறவு. உடம்பை ஒண்டுக்குடியிருப்பு என்றும், உயிரை முட்டையை விட்டுப் பறந்துபோகும் பறவை என்றும் வள்ளுவர் காட்டுவது முன்னதில். நிலையாமையைக் கண்டவன் துறப்பான் என்ற ஒழுங்கில் அதிகாரங்கள் நிற்கின்றன. ஆனால் துறவு அதிகாரத்தை வினைச்சொற்களைப் பிடித்து வாசித்தபோது எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. அங்கே நீங்குபவன் தானாக நீங்குகிறான். துறப்பவன் தானே துறக்கிறான். பறிபட்டவனைப் பற்றி அந்த அதிகாரம் பேசவே இல்லை. அதன் இரண்டாம் குறளுக்கு மு.வ. எழுதிய தெளிவுரை, பொருள்கள் எல்லாம் உள்ள காலத்திலேயே துறக்க வேண்டும் என்று விளக்குகிறது. பரிமேலழகர் வேறுவிதமாகக் கொள்கிறார் என்பது தெரியும். நான் மு.வ. பக்கம். என் வாழ்க்கை என்னை அந்தப் பக்கம் நிறுத்தியது.

ஏனென்றால் இழந்தவர்கள் பற்றற்றவர்களாக மாறி நான் கண்டதில்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் கனடா வந்தேன். இங்கே எங்கள் வீட்டு நிலவறையில் வெறும் தகர டின்கள், ஐஸ்கிறீம் பெட்டிகள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய சொப்பின் பைகள், பிள்ளைகள் வளர்ந்து கழித்த சப்பாத்துகள். அரிசி எப்போதும் மூன்று மூடை. இவர், என் கணவர், ஒருமுறை பழைய போர்வைகளைக் கட்டி வீதியோரம் வைத்தபோது, இரவு பதினொரு மணிக்குப் போய்த் திரும்ப எடுத்து வந்தேன். எல்லாம் போன வயதில் எனக்கு நிலையாமை தெரிந்தது உண்மை. தெரிந்த அந்த உண்மை என்னைக் கைவிரிக்க வைக்கவில்லை, கையை இன்னும் இறுக்க வைத்தது. இதைப் பலவீனம் என்று வெகுகாலம் வெட்கப்பட்டேன். இப்போது வெட்கமில்லை. அடிபட்ட கை மூடிக்கொள்ளும்.

இருபத்திரண்டு வருடம் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்தேன். அங்கே வருகிறவர்கள் மூன்று நான்கு அறை வீட்டைக் கலைத்துவிட்டு ஒரு கட்டிலும் ஒரு கதிரையும் கொள்ளும் அறைக்கு வருவார்கள். எதைக் கொண்டுவருவது என்று பிள்ளைகள் தீர்மானித்திருப்பார்கள். புத்தகங்கள் வரும், கண்ணாடி வீட்டில் கிடக்கும். அந்த அறைகளும் சிறியவைதான், அங்கேயும் பொருள் குறைவுதான், ஞானம் வரவில்லை. வந்தது பெரும்பாலும் கோபம். அந்தக் கோபம் நியாயமானது என்று இன்றும் சொல்வேன்.

அவர்களில் ஒருவர், தொண்ணூறைத் தாண்டிய அம்மையார், சுவரில் குடும்பப் படத்துக்குப் பதிலாக ஒரு வள்ளத் துடுப்பை மாட்டியிருந்தார். கால் கழுவும்போது கதை சொல்வார். கோடை தோறும் முட்டை மாதிரி ஒரு ரெய்லரில் ஏரிக்கரையில் இரண்டு கிழமை இருந்ததாகவும், தன் வாழ்நாளில் பூட்டுப் போடாமல் நித்திரை கொண்ட வீடு அது ஒன்றுதான் என்றும் சொன்னார். பூட்டுப் போடாத வீடு. எனக்கு அந்தச் சொல் நெஞ்சில் தங்கிவிட்டது. அவர் போய் நாலு வருடத்தின் பின் இவரிடம், ஒரு ரெய்லர் பார்ப்போமா என்றேன்.

முதலில் ஒரு பெரிய விற்பனை முற்றத்துக்குப் போனோம். 31 அடி நீளம். பொத்தானை அழுத்தச் சுவர் வெளியே நகர்ந்து வரவேற்பறை அகலித்தது. மின்சாரக் கணப்பு, இரண்டு தொலைக்காட்சி, குசினி நடுவில் தனி மேடை. அம்மாவுக்குக் குசினி பிடித்துப்போயிற்று. பாரம் 7,600 இறாத்தல். அதை இழுக்கப் பெரிய பிக்கப் வாகனம் வேண்டும். 1,360 கிலோவைத் தாண்டினால் ரெய்லருக்குத் தனிப் பிரேக் வேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம், ஆக அதற்கான கருவியும் வேண்டும். ஐந்து பிள்ளை உள்ளவர்களுக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் அந்தப் பெரிய வண்டி தேவைதான், குறை சொல்லமாட்டேன். எனக்கோ அதற்குள் நின்றபோது என் நிலவறைதான் ஞாபகம் வந்தது. எத்தனை அலுமாரி! நான் அத்தனையையும் நிரப்பிவிடுவேன் என்று தெரிந்தது.

அடுத்துப் பார்த்தது ஒரு தனியாரிடம், பதினெட்டு அடி, மலிவு. உள்ளே புத்தம்புதிய பூப்போட்ட சுவர்த்தாள். இவர் மூலையில் பெருவிரலால் அழுத்தினார். தேத்தண்ணியில் தோய்த்த பாண்போல விரல் உள்ளே போனது. கூரை மூட்டால் வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கி மரச்சட்டம் உக்கியிருந்தது, அதன்மேல்தான் அந்தப் பூக்கள். சாதாரண ரெய்லரில் கூரைக்கும் சுவருக்கும் இடையில் எத்தனையோ மூட்டுகள், ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வாசல். பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கண்ணை நம்பாதீர்கள், மூலைகளை அழுத்துங்கள், மூக்கால் முகருங்கள், ரயரின் பக்கவாட்டில் அச்சிட்ட நாலு இலக்கத்தில் அது செய்யப்பட்ட கிழமையையும் வருடத்தையும் வாசியுங்கள்.

கடைசியில் கிடைத்தது அந்த அம்மையார் சொன்ன முட்டையேதான். போலர் என்று பெயர். 1968இல், நான் பிறந்த வருடம், வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ என்பவர் உருவாக்கியது. அவர் கண்ணாடியிழையில் கழிவுநீர்த் தொட்டி செய்து பழகியவர். அந்தக் கையால் மேல் ஓடு ஒன்று, கீழ் ஓடு ஒன்று வார்த்து, இடுப்பில் ஒரே மூட்டாகப் பொருத்தினார். பவுலர் தொப்பியின் உருவம் என்பதால் அந்தப் பெயர். 13 அடி நீளம். பின்புறம் மேசை, இரவில் அதை இறக்கினால் இருவர் படுக்கலாம். முன்புறம் ஒரு வாங்கு. அடுப்பு, கைகழுவும் தொட்டி, ஐஸ் பெட்டி. கழிப்பறை இல்லை. யன்னல்கள் லூவர் கண்ணாடி, கொழும்பு வீடுகளில் இருந்ததுபோல. எங்களுடையது 1973ஆம் ஆண்டுச் செய்கை, கீழே மஞ்சள், மேலே வெள்ளை. அச்சுக்குள் இருந்த இறப்பர் செத்துப்போயிருந்தது, புது அச்சுப் போட்டோம். அடிச்சட்டத்தில் வளைவு வரும் இடத்தில் இந்த வண்டிகளுக்கு வழக்கமாக வரும் வெடிப்பும் இருந்தது, ஒட்டுவித்தோம்.

முதல் பயணம் அல்கொன்குயின் பூங்காவுக்கு. 1893இல் ஒதுக்கப்பட்ட காடு, ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களில் மூத்தது. இடத்தை ஐந்து மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலை ஏழு மணிக்குக் கணினி முன் இருந்து பதிந்திருந்தேன். 60ஆம் நெடுஞ்சாலையில் 37ஆம் கிலோமீற்றருக்குக் கிட்ட, பொக் ஏரியோரம், ஊசியிலை மரங்களுக்குக் கீழ் ஒரு துண்டு மண். சில்லுக்குக் கட்டை வைத்து, பலகையில் ஏற்றி மட்டம் பார்த்து, நாலு மூலைக் கால்களை இறக்கினோம். கரடி வரும் என்பதால் சாப்பாடு எல்லாம் காருக்குள். அம்மா ஒரு கதிரையில் பையை மடியில் வைத்தபடி இருந்து எல்லாவற்றையும் மேற்பார்வை செய்தார். புட்டவித்தோம். ஏரிக்கு அப்பால் லூன் பறவை கூவியது, ஊளைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு குரல்.

இரவு மழை. கண்ணாடியிழை ஓட்டின்மேல் விழும் மழைச் சத்தமும் தறப்பாளில் விழும் சத்தமும் ஒன்றுதான். நித்திரைக்குள்ளேயே என் கை மேலே போய்த் தொந்தி விழுந்த இடத்தைத் தேடியது. கூரை கைக்குத் தட்டுப்பட்டதும் விழித்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. மணியைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். கூரையில் ஒரு ஆணித் துளையால் ஒவ்வொரு துளியாக ஒழுகியது. முன்வாங்கில் அம்மா ஏற்கெனவே எழும்பி இருந்தார். துளி விழும் இடத்தில் ஒரு தேநீர்க் கோப்பையை வைத்திருந்தார்.

"அம்மா, பயமா இருக்கே?"

"என்ன பயம்? விடிஞ்சாப் போகலாம்தானே."

அவ்வளவுதான் சொன்னார், சரிந்து படுத்துவிட்டார். நான் விடியும்வரை படுக்கவில்லை. அதே மழை, அதே அளவு இடம், அதே இரு பெண்கள். மீசாலையில் விடிந்தால் போவதற்கு இடமில்லை. ஆசிரியருக்கு அம்மா கேட்ட சொல் என்ன என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அந்தச் சொல் எதைக் குறிக்க வேண்டும் என்று அன்றிரவு தெரிந்தது. கதவின் தாழ் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை.

யூதர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. நான் வேலை செய்த இல்லத்தில் இருந்த ஒரு யூத முதியவருக்காக அவர் மகன் இலையுதிர்காலத்தில் முற்றத்தில் ஒரு சிறு கொட்டில் போடுவார். சுக்கோத் பண்டிகை. ஏழு நாள் வீட்டை விட்டுக் கொட்டிலில் உண்ண வேண்டும், முடிந்தால் உறங்கவும் வேண்டும். கூரை வெட்டிய இலைதழைகளால் ஆனது. நிழல் தர வேண்டும், இரவில் நட்சத்திரமும் தெரிய வேண்டும். முன்னோர் பாலைவனத்தில் நாற்பது வருடம் அலைந்ததன் நினைவு அது. அந்த நாட்களில் மகிழ்ந்திருக்க வேண்டும் என்பதும் கட்டளை. அலைந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அலைச்சலின் கொட்டிலை மறக்காதே, அதை மகிழ்ச்சியோடு நீயே கட்டி அதற்குள் போய் இரு என்று ஒரு சமயம் சொல்லியிருக்கிறது. அந்த முதியவர் சக்கர நாற்காலியில் இருந்து இலைகளுக்கூடாக மேலே பார்த்த முகத்தை நினைக்கிறேன். எங்கள் இடப்பெயர்வுக்கும் இப்படி ஒரு பண்டிகை வேண்டும். ஒக்ரோபர் 30 இரவு எங்களில் பலருக்கு இன்னும் வெறும் வலியாகவே கிடக்கிறது.

எங்கள் சமயத்திடம் அதற்கான கருத்து இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் சைவசமயப் பாடம் படித்தவர்களுக்குத் தனு, கரணம், புவனம், போகம் என்ற வரிசை வாய்ப்பாடம். உடம்பு, மனம் முதலான கருவிகள், உலகம், நுகர்ச்சி. இந்த நான்கையும் இறைவன் உயிருக்குத் தருவது அதைக் கட்டியிருக்கும் மலம் என்ற அழுக்கு பழுக்கட்டும் என்று. சிறுமியாக அதை ஒப்புவித்தபோது போகம் என்ற சொல் எனக்குக் கூச்சமாக இருந்தது. சிறையிலிருந்து தப்பும் வழியைச் சொல்லும் நூலில் இனிப்புக்கு என்ன வேலை? இப்போது அது விளங்குகிறது. காய் வெயிலில் பழுக்கும், தடியால் அடித்தால் கன்றிப்போகும். என் கை திறந்தது இழந்தபோது அல்ல. அரிசிப் பானை நிறைந்து, பிள்ளைகள் படித்து முடித்து, வீட்டுக் கடன் அடைந்து, பயம் ஆறிய பிறகு, ஏரிக்கரையில் சும்மா இருந்த சுகத்தில் திறந்தது. இருநூற்றைம்பது இறாத்தலுக்குள் நாலு நாள் குறைவில்லாமல் வாழ்ந்துவிட்டு வந்த திங்கட்கிழமை, நிலவறைக்கு இறங்கிப்போய்ச் சப்பாத்துகளைக் கட்டினேன். இந்த முறை திரும்ப எடுக்கவில்லை.

இந்த மகிழ்ச்சியில் ஒரு முள் உண்டு, அதையும் எழுதவேண்டும். பூங்காவின் பெயர் ஒரு மக்களின் பெயர். அல்கொன்குயின் மக்கள் அந்தக் காட்டின் பழைய குடிகள், அந்த நிலத்துக்கான அவர்களுடைய உரிமைக் கோரிக்கை இன்னும் முடியவில்லை. நான் இருப்பிடச் சீட்டு எடுத்து நாலு நாள் இருக்கும் இடம், யாரோ தாமாக விட்டுப்போன இடமல்ல. அம்மாவிடம் சொன்னேன். அவர் கன நேரம் ஏரியைப் பார்த்துவிட்டு, "அப்ப கூட்டித் துடைச்சுக் குடுத்திட்டுப் போவம்" என்றார். புறப்படும் நாளில் பிற்பகல் இரண்டு மணிக்குள் இடத்தை ஒழிக்க வேண்டும். அதற்கு முன் அம்மா ஊசியிலைகளைக் கூட்டி, சாம்பலை அவித்து, மிஞ்சிய விறகை அடுத்து வருபவர்களுக்காக மேசைக்குக் கீழ் அடுக்கிவைப்பார். இது அந்த உரிமைக்கு ஈடாகாது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

சென்ற ஒக்ரோபரில், நன்றி சொல்லும் நாளை ஒட்டிய விடுமுறைக்கு, அந்த வருடத்தின் கடைசிப் பயணம். திரும்பி வந்ததும் குழாய்களில் உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை ஓடவிட்டு முட்டையைக் குளிர்காலத்துக்கு மூட வேண்டும். 400ஆம் நெடுஞ்சாலையில் பரி நகரத்தை நெருங்கும்போது அம்மா மடியைத் தடவினார். பிறகு கால்மாட்டில் பார்த்தார். கண்ணாடியில் அவர் முகத்தைக் கண்டேன். பை இல்லை. இவர் வேகத்தைக் குறைத்து, அடுத்த வெளிவழியால் திரும்புவோமா மாமி என்று கேட்டார். வலது பக்கச் சமிக்ஞை விளக்கும் போட்டாயிற்று.

அம்மா யன்னலால் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். மேப்பிள் எல்லாம் சிவந்திருந்தன.

"வேண்டாம் தம்பி, நீங்கள் ஓடுங்கோ," என்றார். "வீட்டிலதானே கிடக்கு."